வீக்லி பாசிட்டிவ்

என் பெயர் முனிரத்தினம். இங்கே எழுதி வைத்தால்தான் உண்டு. கட்கி பஜாரில் ஒருவனும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வீக்லி' என்கிறார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் வீக்லி, கறிக்கடையில் வீக்லி. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் மைக்கிலேயே, "வீக்லி அண்ணன் மேடைக்கு வரவும்." புதிதாகக் குடிவந்தவர்கள் நான் வாரத்துக்கு ஒரு முறை குளிக்கிறவன் என்று நினைத்துக்கொண்டு என் ஆட்டோவில் ஓரமாக உட்காருகிறார்கள். நான் தினம் குளிக்கிறவன். பூனா குளிரில், டிசம்பரில், பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவன். இந்த மனக்குறையைப் பல வருடமாகச் சுமக்கிறேன். பெயர் வைத்தவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வைத்தவள் என் தங்கை பவுன். வைக்கும்படி நடந்துகொண்டவன் நான்.

பவுனைப் பற்றி எழுதச் சொல்லித்தான் சங்கத்து மலரில் இந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நான் என்னைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். அவள் இருந்து இதைப் படித்தால், "எங்கண்ணன் ஆட்டோல ஹார்ன்தான் மொதல்ல கிளம்பும், வண்டி அப்புறம்தான் கிளம்பும்" என்பாள்.

எங்கள் அப்பா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வெடிமருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். நாங்கள் இரண்டு பேரும் இங்கேயே பிறந்தோம். வீட்டுக்குத் தமிழ், சவாரிக்கு இந்தி, சண்டைக்கு மராத்தி. நான் ஆறாவது வரை படித்தேன். ஏழாவதில் இங்கிலீஷ் உள்ளே வந்தது, நான் வெளியே வந்தேன். பவுன் பத்தாவது முடித்துவிட்டுத் தையலில் உட்கார்ந்தாள். புடவைக்கு ஃபால் வைத்து பீகோ அடிப்பதில் பஜாரில் அவளுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. துணியைக் கண்ணாலேயே அளப்பாள். ஆளையும் அப்படித்தான்.

அதே ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த தங்கராஜுக்கு அவளைக் கொடுத்தோம். நல்ல மனிதர், ஆனால் பேச்சு வராது. தொடர்ந்து பத்து வார்த்தை பேசினால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நானோ தூக்கத்திலும் பேசுகிறவன். எனக்கும் சேர்த்து அவரும், அவருக்கும் சேர்த்து நானும் படைக்கப்பட்டிருக்கிறோம் என்று பவுன் சொல்வாள்.

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவளுக்கு மூன்று கரு தங்கவில்லை. அது போக உடம்பில் என்னென்னவோ. காலையில் எழுந்தால் விரல் மூட்டு மடங்காது, கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாது. வெயிலில் போய் வந்தால் மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னம் சிவந்துவிடும். குளிர் வந்தால் விரல் நுனி சுண்ணாம்பு தடவியது போல வெளுக்கும். சீப்பில் முடி கொத்தாக வரும். அவளுடைய மாமியார் அதைச் சூட்டு உடம்பு என்றாள். என் மனைவி சாந்தகுமாரி ரத்தசோகை என்றாள். நான் ஒவ்வொரு தடவையும் தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

தொண்ணூற்றாறில் மூன்றாவது கருவும் போன பிறகு, பக்கத்து நர்சிங் ஹோமில் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். ரிப்போர்ட் வாங்க நான்தான் போனேன். அதில் ஒரு வரியில் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ். பாசிட்டிவ் என்றால் நல்லதுதானே என்று நான் சந்தோஷப்பட்டேன். கம்பவுண்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "குப்த ரோக்" என்றான்.

ரயிலில் பூனாவுக்குள் வந்தவர்களுக்கு அந்த வார்த்தை தெரியும். தண்டவாளத்து ஓரச் சுவரெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பில் எழுதியிருக்கும், கீழே ஒரு வைத்தியர் விலாசத்தோடு. வெளியே சொல்ல முடியாத வியாதி. ஆண் எங்கேயோ போய் வாங்கி வந்து பெண்டாட்டிக்குக் கொடுக்கிறது. எனக்கு அவ்வளவு போதும். வீட்டுக்குப் போகவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை, பவுனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக ஃபேக்டரி கேட்டுக்குப் போனேன். ஷிஃப்ட் விட்டு ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. டிபன் டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த தங்கராஜின் காலரைப் பிடித்தேன். தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் திட்டினேன், யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதே என்று.

அவர் கையை ஓங்கவில்லை. காலரை விடுவிக்கக்கூட இல்லை. "வாங்க மச்சான், எனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான்.

எடுத்தார்கள். நெகட்டிவ்.

இங்கேதான் என் மூளையின் விசாலம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவருக்கு இல்லை என்று வந்தால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று காலரைப் பிடிக்கும்போது நான் யோசிக்கவில்லை. அவருடைய அம்மா யோசித்தாள். "எம்புள்ளகிட்ட இல்ல. அப்ப உங்க பொண்ணு எங்கேர்ந்து கொண்டாந்துச்சு?" என்று வாசலில் நின்று கேட்டாள். கேட்டில் நான் போட்ட சத்தத்தால் விஷயம் அதற்குள் அவர்கள் குடியிருந்த ஃபேக்டரி லைன் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்திருந்தது. அன்றைக்கே பவுன் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தையல் மெஷின் அங்கேயே நின்றுவிட்டது.

தங்கராஜ் அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். திறக்க வேண்டிய நாளில் அவர் திறக்கவில்லை என்பது என் கட்சி. பிடிக்க வேண்டாத காலரை நான் பிடித்தேன் என்பது அவர் கட்சி. அதோடு எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றது.

பவுன் அழவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து என் மனைவிக்குப் பட்டாணி உரித்துக் கொடுத்துக்கொண்டே, "அண்ணா, நீ எனக்கு நல்லது பண்ணாம இருந்தாலே நான் பொழச்சுக்குவேன்" என்றாள்.

ஆனால் பிழைப்பது அவ்வளவு லேசாக இல்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வாய்க்குள் புண். கன்னத்துச் சிவப்பு இப்போது வெயில் படாமலே நின்றது. வாசலுக்குப் போனாலே பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதால் அவள் வெளியே வருவதையும் விட்டுவிட்டாள். சாந்தகுமாரி ஒருநாள் கரண்டியோடு வந்து, பெரிய டாக்டரிடம் கூட்டிப் போகிறாயா, இல்லை நான் பஸ்ஸில் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டாள். கரண்டி கையில் இருக்கும்போது நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

பூனா ஊருக்குள் டெக்கன் பக்கம் டாக்டர் பட்வர்தன் என்று ஒரு அம்மா. கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். அந்த வி.டி.ஆர்.எல். தாளை நான் மடித்து மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தேன். அவர்கள் அதை வாங்காமல் முதலில் பவுனின் கன்னத்தைப் பார்த்தார்கள். விரல்களைப் பிடித்துப் பார்த்தார்கள். மூட்டைக் கேட்டார்கள், முடியைக் கேட்டார்கள், தங்காத கருக்களைப் பற்றிக் கேட்டார்கள். கடைசியில்தான் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த டெஸ்ட் சில பேர் விஷயத்தில் பொய் சொல்லும்" என்று இந்தியில் சொன்னார்கள். எனக்கு நாற்காலி ஆடுவது போல இருந்தது.

புருஷன் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார்கள். ஃபேக்டரி என்றதும், கேட்டில் தர்வான் நிற்பானே, அவனை வைத்தே சொல்கிறேன் என்றார்கள். எங்கள் ஊரில் தர்வான் தெரியாதவர் கிடையாது. பாஸ் இல்லாதவனை உள்ளே விடாமல் தடுக்கிற காவல்காரன். உடம்பிலும் அப்படி ஒரு காவல் உண்டாம். பவுன் உடம்பில் தர்வானுக்குப் புத்தி பேதலித்து, உள்ளே வேலை செய்கிறவர்களையே திருடன் என்று அடிக்கிறானாம். மூட்டை அடிக்கிறான், தோலை அடிக்கிறான். கரு தங்காமல் போனதற்கும் அவனே காரணமாக இருக்கலாம். வி.டி.ஆர்.எல். திருடனை நேரில் பார்க்காது, தர்வான் போடுகிற கூச்சலை மட்டும்தான் கேட்கும். இவளுடைய தர்வான் சும்மாவே கூச்சல் போடுகிறவன். அதனால் வேறு டெஸ்ட் செய்ய வேண்டும். அந்தக் கெட்ட வியாதிக்கே உரிய இன்னொன்று, அது இல்லை என்று உறுதியாகத் தெரிவதற்கு. பிறகு ஏ.என்.ஏ. அதற்கும் மேலே டி.எஸ்.டி.என்.ஏ. பிந்தினது வந்தால் தர்வான் மேனேஜரையே கட்டிப்போட்டிருக்கிறான் என்று அர்த்தமாம்.

எனக்குப் புரிந்தது. புரிந்தால் சும்மா இருக்கிறவனா நான்? ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ரத்தம் ஒன்று, எனக்கும் எடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். தேவையில்லை என்றார்கள். எனக்கும் முட்டி வலிக்கிறது என்றேன். ஆட்டோ கிக் உதைக்கிறவனுக்கு முட்டி வலிக்காமல் பல்லா வலிக்கும் என்று பவுன் கேட்டாள். எடுத்துக்கொண்டேன்.

ரத்தம் பம்பாய்க்குப் போய்த் திரும்பியது. ரிப்போர்ட் நாளன்று டாக்டர் அம்மா பவுனின் தாள்களைப் படித்துக்கொண்டிருந்தபோது, நான் என் தாளை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். ஏ.என்.ஏ. என்ற வரிக்கு எதிரே இரண்டு வார்த்தை. இரண்டாவது எனக்கு நன்றாகத் தெரிந்த பாசிட்டிவ். முதலாவதை எழுத்துக் கூட்டினேன். வீக்லி. அந்த வார்த்தையும் தெரியும். ரயில்வே அட்டவணையில், வாரம் ஒரு முறை மெட்ராஸ் பக்கம் போகிற வண்டிக்கு நேரே போட்டிருக்கும்.

மேஜைக்குப் போய், "மேடம், எந்தக் கிழமை?" என்று கேட்டேன்.

டாக்டர் அம்மாவுக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். வாரத்துக்கு ஒரு நாள் பாசிட்டிவ் ஆகிறது என்றால் அது செவ்வாய்க்கிழமையாகத்தான் இருக்க வேண்டும், அன்றைக்குத்தான் எனக்கு முட்டி அதிகமாக வலிக்கிறது, அன்று ஒரு நாள் வண்டி எடுக்காமல் இருந்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். பவுன் என் கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். பத்தாவது படித்தவள். மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அது வாரத்து வீக்லி இல்லையாம். வீக் என்கிற வீக்லியாம், பலவீனமான பாசிட்டிவாம். நன்றாக இருக்கிற எத்தனையோ பேருக்கு அப்படி வருமாம். உன் தர்வான் லேசாக இருமுகிறான், வேறு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ என்றார்கள். உடம்பில் நோய் இருந்தால்தான் தாளுக்கு மதிப்பு, தாள் ஒரு சாட்சி மட்டும்தான், சாட்சியை வைத்துக்கொண்டு குற்றத்தைத் தேடக் கூடாது என்றும் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னது எனக்கென்றே சொன்னது போல இருந்தது.

பவுனுடைய சாட்சிகள் வேறு மாதிரி. கெட்ட வியாதி டெஸ்ட், சுத்தமாக இல்லை. ஏ.என்.ஏ. பலமான பாசிட்டிவ். டி.எஸ்.டி.என்.ஏ. அதைவிட மேலே. நோய்க்குப் பெயர் லூபஸ். முழுக்கப் போகாது, ஆனால் மாத்திரையில் அடக்கி வைக்கலாம். அதைக் கேட்டுவிட்டு நாங்கள் அண்ணனும் தங்கையும் ஏதோ லாட்டரி விழுந்தது போல ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். தீராத வியாதி என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட குடும்பம் டாக்டர் அம்மாவின் அனுபவத்தில் நாங்கள் ஒன்றுதான் இருந்திருப்போம்.

இதை அவளுடைய மாமியார் காதில் போட்டாக வேண்டும். கூச்சல் போட்டுக் கெடுத்ததைக் கூச்சல் போட்டே சரிசெய்ய வேண்டும் என்று தீர்மானித்தேன். பவுன் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்பதால் அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு பெட்டி பால் பேடா வாங்கிக்கொண்டு லைன் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். தண்ணீர்க் குழாயில் அத்தனை பெண்களும் குடத்தோடு நின்ற நேரம். ஆளுக்கு ஒரு பேடா கொடுத்து, "நம்ம பவுனுக்கு பாசிட்டிவ் வந்துடுச்சு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பூனாவில் பேடா எதற்குக் கொடுப்பார்கள் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? பிள்ளைச் செய்திக்குக் கொடுப்பார்கள். ஆனால் அன்றைக்குத் தெரியவில்லை. வாயில் போட்ட பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு கிழவி விரலை மடக்கி மாதம் எண்ண ஆரம்பித்தாள். சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. மாமியார் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நாலு மாசமா உங்க வீட்ல இருக்கறா. எம்புள்ள இங்க இருக்கறான். அதுக்கு நீ சுவீட்டு வேற குடுக்கிறியாப்பா?"

இல்லை இல்லை, இது வேறு பாசிட்டிவ், வியாதி பாசிட்டிவ் என்று கத்தினேன். அப்படியானால் பழைய வியாதியா என்று ஒருத்தி கேட்டாள். அந்த பாசிட்டிவ் நெகட்டிவ், இந்த பாசிட்டிவ்தான் பாசிட்டிவ் என்றேன். பேசப் பேச நான் மேலும் புதைந்துகொண்டே போனேன்.

சத்தம் கேட்டு தங்கராஜ் வெளியே வந்தார். பாதி முகத்தில் சவர நுரை. என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ரிப்போர்ட்டை மட்டும் வாங்கினார், பேடாவை வாங்கவில்லை. அங்கேயே நின்று எல்லாப் பக்கத்தையும் படித்தார், டாக்டர் விலாசம் உட்பட. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாம் முடிந்தது, தங்கையின் வாழ்க்கையை என் கையாலேயே பூட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கிக் அடிக்கக்கூடத் தோன்றவில்லை.

அவர் மறுநாள் லீவு போட்டுத் தனியாக டாக்டர் பட்வர்தனிடம் போயிருக்கிறார். டாக்டர் அம்மா பின்னால் பவுனிடம் சொன்னார்கள். சந்தேகம் எதையும் அவர் கேட்கவில்லையாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்: தையல் மெஷின் மிதிக்கலாமா?

அந்த வாரமே சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் நின்றார். கேரியரில் ஒரு சாக்குப் பை. அதற்குள் தையல் மெஷினில் பொருத்துகிற மோட்டார். வாசற்படி ஏறவில்லை. "கெளம்பு பவுன். இனிமே நீ மிதிக்க வேணாம்" என்றார். அம்மாவிடம் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. அவர் அதிகம் பேசியிருக்க மாட்டார். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளை அந்தக் கேள்வி கேட்கவில்லை.

என்னோடு மட்டும் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. எல்லாம் பவுன் வழியாகத்தான். டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க மாதா மாதம் என் ஆட்டோவில்தான் போவார்கள். பின்னால் அவர், "ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா போகச் சொல்லு" என்பார். முன்னால் நான், "ரோடு போட்டவன்கிட்ட போய்ச் சொல்லச் சொல்லு" என்பேன். நடுவில் பவுன், "நான் என்ன எஸ்.டி.டி. பூத்தா?" என்பாள். செல்போன் வந்து ஊரில் எஸ்.டி.டி. பூத்தெல்லாம் மூடிவிட்டார்கள். எங்கள் பூத் மட்டும் நடந்தது.

மாத்திரையில் அவள் முகம் உப்பும், வடியும். டி.எஸ்.டி.என்.ஏ. ஏறினால் நான் பெட்ரோல் விலை ஏறியது போலப் புலம்புவேன். அவள், "நீ இரு, உன் கிழமை வரட்டும்" என்று என் வாயை அடைப்பாள். வீக்லி என்ற பெயர் ரத்தம் எடுக்கிற இடத்திலிருந்து பஜார் வரை பரவியது அவளால்தான்.

வெயில் கூடாது என்றதும் தலை, முகம், கழுத்து எல்லாம் மூடுகிற மாதிரி பருத்தித் துணியில் தனக்கு ஒன்று தைத்துக்கொண்டாள். கண் மட்டும் தெரியும். பேங்க் கொள்ளைக்குப் போகிறாயா என்று கேட்டேன். சில வருடத்தில் பூனாவில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்கள் அத்தனை பேரும் அப்படியே முகத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பவுன் விடவில்லை. மோட்டார் மெஷினில் முகத்துணியும், தோள் வரை ஏறுகிற கையுறையுமாகத் தைத்துத் தள்ளினாள். மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்கள்கூட ஆள் வைத்து வாங்கிப் போனார்கள். கட்டு நழுவாமல் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மடிப்பு வைப்பாள். அது அவளுடைய மடிப்பு. இன்றைக்கும் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஸ்கூட்டரில் அந்த மடிப்பு தெரிகிறதா என்று பார்ப்பேன். பெண்களை முறைக்கிறான் என்று ஒருமுறை திட்டும் வாங்கினேன்.

பிள்ளை கிடையாது. வேண்டும் என்றும் பிறகு அவள் கேட்கவில்லை. "எனக்குத்தான் நீங்க ரெண்டு பேர் இருக்கீங்களே" என்றாள்.

இரண்டாயிரத்து ஏழில் தர்வான் சிறுநீரகத்துக்குப் போய்விட்டான். மாத்திரையை ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள், கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கப் படுத்திருந்தாள். உள்ளே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. நான் உள்ளே இருந்தால் தங்கராஜ் வெளியே பெஞ்சில், அவர் உள்ளே வந்தால் நான் பெஞ்சுக்கு. வாசலில் ஒருவரையொருவர் தாண்டும்போது இரண்டு பேருமே சுவரைப் பார்ப்போம்.

அன்றைக்கு மதியம் நான் உள்ளே போனேன். கதவு ஓரக் கண்ணாடி வழியாகப் பெஞ்சு தெரிந்தது. அவர் முழங்காலில் கையூன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பவுனும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாரா என்று அவரைக் கேளு என்று வழக்கம்போல அவளிடம் சொன்னேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"பூத்து மூடியாச்சுண்ணா" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தாள். "காலைலேர்ந்து அவரு ஒரு டீகூடக் குடிக்கல. நான் கேக்க மாட்டேன். நீயே நேராப் போய், அவரு மூஞ்சியப் பாத்து, 'சாப்டீங்களா மாப்ள'ன்னு கேளு."